கோவிட் விடுதியை விடப் பயப்பட வேண்டிய இடங்கள்

2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு நாடு முழுக்கத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போட்டார்கள். ஒக்டோபர் 1 விடியற்காலை வரை அது இழுபட்டது. அந்த இடைக்குள்தான் சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) வந்த கால் புண்ணோடு அம்மாவை வைத்தியசாலையில் வைத்துப் பார்க்க வேண்டி வந்தது. அம்மாவுக்குக் கோவிட் இல்லை, தடுப்பூசி ஒன்றுதான் ஏறியிருந்தது. வயது, சீனி, பிரஷர் மூன்றும் சேர்ந்த உடம்பு. புண் ஆறினாலும் தொற்றுப் பிடித்தால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு நிமிடமும் விட்டுப் போகவில்லை. நான் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் தாதி. ஆனால் என் வேலை வேறு மாவட்டத்தில். அம்மா இருந்த திருகோணமலை வைத்தியசாலையில் நான் நோயாளியின் மகள் மட்டும்தான். கூடப்பிறந்தவர்கள் வெளிநாட்டில், மாறி நிற்க ஆளில்லை. வேலையால் தெரிந்திருந்த விஷயங்களைத் துணைக்கு நிற்பவர் எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அடுத்த முறை எந்தக் காய்ச்சல் பரவினாலும் இன்னொரு பிள்ளைக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் எடுங்கள். கோவிட் விடுதியை, அதாவது வார்ட்டைக் கண்டுதான் எல்லாரும் பயப்படுவார்கள், அந்தப் பக்க நடைபாதையால்கூடப் போகமாட்டார்கள். ஆனால் அங்கே இருப்பவருக்கு வருத்தம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளே போகிறவர் முழு உடுப்போடு போவார், கதவு மூடியிருக்கும், காற்று வெளியே போக வழி பார்த்திருப்பார்கள். தொற்றில்லாத நோயாளிக்கு ஆபத்து வருவது யாருக்கு இருக்கிறதென்று இன்னும் தெரியாத இடங்களில். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் அறை, எக்ஸ்றே வாசல் வாங்கு, பொது மலசலகூடம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஊழியர்கள் தேத்தண்ணி குடிக்கும் சின்ன அறை எல்லாம் அப்படிப்பட்டவை. கோவிட் தொற்றியவர் அறிகுறி காட்டுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மற்றவருக்குக் கொடுக்கக்கூடியவர். அந்த இரண்டு நாளும் அவர் சாதாரண விடுதியில், சாதாரணக் கட்டிலில்தான் இருப்பார். 2015இல் தென்கொரியாவில் கோவிட் போன்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோயான மேர்ஸ் பரவியபோது ஒரே ஒரு நோயாளியிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியது. அது நடந்தது நெரிசலான ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில், அவருக்கு என்ன வருத்தமென்று யாரும் அறியாமல் இருந்த மூன்று நாளில். தனிமை விடுதியில் அல்ல.

அதனால் முதல் கேள்வி, போகத்தான் வேண்டுமா என்பது. மாதாந்த கிளினிக் மருந்துக்காக மட்டும் என்றால் போகவே தேவையில்லை. 2020 ஊரடங்கு காலத்தில் கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பும் ஒழுங்கை அரசாங்கம் செய்தது. அப்படி ஏதும் ஒழுங்கு இருக்கிறதா என்று கிளினிக்குக்குத் தொலைபேசியில் கேட்கலாம். சாதாரண மருந்து கட்டலுக்கு ஊரில் இருக்கும் சிறிய வைத்தியசாலை போதும். ஆனால் கால் புண்ணில் கறுப்பு விழுந்தாலோ, மணம் மாறினாலோ, புண்ணைச் சுற்றிய சிவப்பு நாளுக்கு நாள் மேலே ஏறினாலோ, குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, சீனி இறங்காமல் நின்றாலோ கோவிட்டுக்குப் பயந்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அந்தப் பயத்தால் காலையே இழக்க நேரும். அவசரம் என்றால் 1990க்கு அழையுங்கள். அவசரமில்லை என்றால் பலர் ஏறும் வானில் இடம் பிடிக்காமல் ஓட்டோ ஒன்றைத் தனியாகப் பிடியுங்கள், பக்கத்துத் திரையைச் சுருட்டிக் கட்டச் சொல்லுங்கள். சாம்பல்தீவுப் பக்கமிருந்து டவுனுக்கு வர ஊரடங்கில் வழமையான கூலியைப் போல மூன்று மடங்கு கேட்டார்கள். கொடுத்தேன். பதினைந்து நிமிடத்துக்கு மேல் மூடிய வாகனத்தில் தெரியாதவர்களோடு இருப்பதை விட அந்தக் காசு பரவாயில்லை.

கொண்டுபோகும் பையில் இவை கட்டாயம் இருக்கட்டும்: நோயாளியின் சொந்த குளுக்கோமீற்றரும் ஊசியும், வெப்பமானி, இரத்தத்தில் ஒட்சிசன் அளவு பார்க்க விரலில் மாட்டும் ஒட்சிமீற்றர், 70 வீத அல்ககோல் சானிடைசர், தட்டு, கோப்பை, கரண்டி, சுடுதண்ணிப் பிளாஸ்க், மலசலகூடத்துக்கென்று தனிச் செருப்பு ஒரு சோடி, நீளமான சார்ஜர் வயர். ஒட்சிமீற்றர் அந்த நேரம் விலை ஏறி 6000 ரூபாய்க்கு மேல் போனது, அதுவும் இரண்டு மருந்துக்கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. வீட்டில் நாட்பட்ட நோயாளி இருந்தால் நல்ல காலத்திலேயே ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்போது வாசலில் அன்ரிஜன் என்ற விரைவுப் பரிசோதனை எடுத்தார்கள், 15 முதல் 30 நிமிடத்தில் முடிவு வரும். இல்லாவிட்டால் பிசிஆர், அதற்கு ஒரு நாளோ கூடவோ. இந்த இடைவெளியில் நோயாளி எங்கே இருக்கிறார் என்பதுதான் முழு விஷயமும். இருமல் காய்ச்சலோடு வந்தவரும் கால் முறிந்து வந்தவரும் ஒரே அறையில் முடிவுக்காகக் காத்திருந்தால், நெகற்றிவ் வந்தவர் அந்த அறையிலேயே தொற்றை வாங்கிக்கொண்டு சுத்தமான விடுதிக்குப் போவார். அவரிடம் நெகற்றிவ் என்று கடதாசி இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அம்மாவோடு போனபோது அறைக்குள் சுவரோரமாக நெருக்கிப் போட்ட கதிரைகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நான் உள்ளே கூட்டிப்போகாமல், “மிஸ், இவவுக்குக் காய்ச்சல் இருமல் ஒன்றும் இல்லை, கால் புண் மட்டும்தான். வெளி விறாந்தையில் சக்கர நாற்காலியில் வைத்திருக்கிறன், பெயர் கூப்பிட்டால் உடனே வாறன்” என்று கேட்டேன். அந்தத் தாதிப் பிள்ளை மறுக்கவில்லை. கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், கேட்காமல் எழும்பிப் போனால்தான் கோபம் வரும். விறாந்தை, மர நிழல், வாகனத்துக்குள் கண்ணாடி இறக்கி இருப்பது, எதுவானாலும் அந்த அறையை விட நல்லது. விடுதியை நடத்துகிறவர்களுக்குச் சொல்வது இது: அறிகுறி உள்ளவர், அறிகுறி இல்லாமல் முடிவு காத்திருப்பவர், உறுதியானவர் மூன்றும் மூன்று இடம். சந்தேகத்துக்குரிய இருவரை ஒன்றாகப் போடுவதும் பிழை, ஏனென்றால் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் இருக்கலாம்.

நெகற்றிவ் முடிவை எவ்வளவு நம்பலாம்? அப்போதைய கணக்கில் தொற்றிய பிறகு அறிகுறி வரச் சராசரியாக ஐந்து நாள், கூடினால் பதினான்கு நாள். தொற்றிய முதல் ஓரிரு நாளில் பிசிஆர் எடுத்தாலும் பெரும்பாலும் நெகற்றிவ்தான் காட்டும். ஆகவே அனுமதித்த அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் ஒன்று என்று திரும்ப எடுப்பது அப்போது அவசியமாக இருந்தது. அனுமதித்து முதல் இரண்டு நாளுக்குள் பொசிற்றிவ் என்றால் வெளியிலிருந்து கொண்டுவந்தது, எட்டு முதல் பதினான்கு நாளுக்குள் என்றால் அநேகமாக விடுதியில் பிடித்தது, அதற்கு மேல் என்றால் சந்தேகமே இல்லை என்று தொற்றுக் கட்டுப்பாட்டில் கணக்கு வைப்பார்கள். உங்கள் ஆளுக்கு எந்தெந்தத் திகதியில் எடுத்தார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கட்டில் மாறினால் அந்தத் திகதியையும், பக்கத்தில் யார் இருந்தார் என்பதையும் எழுதுங்கள். பின்னால் அது மிகவும் பயன்பட்டது.

விடுதிக்குள் போனதும் காற்றைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிது. சாதாரண விடுதியில் நோயாளி ஒருவருக்குச் செக்கனுக்கு 60 லீற்றர் புதிய காற்று வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தொண்டைக்குள் குழாய் விடுவது, மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் போடுவது போன்றவை நடக்கும் இடத்துக்கு 160 லீற்றர். இயந்திரம் வைத்து இதைச் செய்யப் பெருஞ்செலவு, ஆனால் எதிர் எதிர் ஜன்னல்கள் இரண்டையும் திறந்தால் காசில்லாமல் வரும். பெரு நாட்டின் லீமா நகர வைத்தியசாலைகளில் காசநோய்க்காகச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் கதவுகளை முழுக்கத் திறந்தபோது அறைக்காற்று மணிக்கு 28 தடவை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளில் 12 தடவைதான். கூரை உயர்ந்த, ஜன்னல் பெரிய பழைய கட்டடங்கள் புதியவற்றை விட நன்றாக இருந்தன. எங்கள் ஊரில் இன்னும் அப்படிப்பட்ட நீள விடுதிகள் இருக்கின்றன. அவற்றைப் பழசு என்று ஒதுக்காமல் ஜன்னல் கொக்கிகளைத் திருத்தி எண்ணெய் போட்டு வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

திருகோணமலையில் காற்று எப்போதும் ஒரே பக்கமிருந்து வராது. மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து சூடாக அடிக்கும். அது தளரும் நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று எதிர்ப்பக்கத்தால் நுழையும். ஒக்டோபர் கடைசியில் மழையோடு வாடைக்காற்று தொடங்கினால் எல்லாரும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், விடுதிக்குள் தொற்றுக்கு அதுதான் மிகக் கெட்ட காலம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கக் கட்டில் உங்கள் ஆளுக்கு நல்லது. அவருக்கு முன்னால் யாருடைய மூச்சும் அந்தக் காற்றில் கலந்திருக்காது. இதை அறிய நான் ரிஷூ பேப்பரை ஒரு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் கிழித்து ஜன்னல் கம்பியிலும் கட்டில் தலைமாட்டிலும் சேலைன் ஸ்ராண்டிலும் நூலால் கட்டினேன். காலையில் ஜன்னல் கம்பியில் இருந்தது உள்ளுக்குள் நீட்டிக்கொண்டு படபடத்தது. பின்னேரம் அதே துண்டு வெளிப்பக்கம் இழுபட்டுக் கம்பியோடு ஒட்டியது. அசையாமல் நேரே தொங்கினால் அந்த இடத்தில் காற்றே இல்லை, கட்டிலை மாற்றக் கேளுங்கள். புகை வைத்துப் பார்க்கலாம் என்று ஊதுபத்தி மட்டும் கொளுத்திவிடாதீர்கள். ஒட்சிசன் ஓடும் விடுதியில் நெருப்பு உயிரை எடுக்கும். கையடக்க காபனீரொட்சைட்டு மீற்றர் கிடைத்தால் இன்னும் நல்லது. வெளியில் 420 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும், விடுதிக்குள் 800ஐத் தாண்டினால் ஆட்கள் விட்ட மூச்சு வெளியே போகாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

கூரை விசிறி உள்ளிருக்கும் காற்றைச் சுழற்றுமே தவிரப் புதிய காற்றைக் கொண்டுவராது. ஜன்னல் திறந்திருந்தால் அது உதவி, பூட்டியிருந்தால் ஒருவர் மூச்சை எல்லாருக்கும் பகிரும். நிற்கும் விசிறியை ஒரு நோயாளிக்கு மேலால் இன்னொருவருக்கு அடிக்கும்படி வைக்கக் கூடாது. காற்று வெளியே போகும் ஜன்னலுக்குப் பக்கத்தில், முகம் வெளியே பார்க்க வையுங்கள், விடுதிக் காற்றை இழுத்து வெளியே தள்ளும். சுவரில் மாட்டும் ஏசியும் அதே உள்காற்றைத்தான் குளிராக்கித் திரும்ப விடுகிறது. கட்டுப்போடும் அறையில் ஏசி போட்டுக் கதவைச் சாத்தி ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டால் முன்னால் போனவரின் மூச்சுக்குள்தான் அடுத்தவர் படுப்பார். மணிக்கு 12 தடவை காற்று மாறும் அறையில் மிதக்கும் கிருமித் துகள்களில் 99 வீதம் அகல 23 நிமிடம் வேண்டும், 6 தடவை என்றால் 46 நிமிடம். அதனால் கட்டும் வேலையைக் கட்டிலிலேயே செய்யக் கேட்டேன். முடியாத நாளில் காலையில் முதல் ஆளாகக் கூட்டிப்போனேன். பொழுதுபட நுளம்பு வருகிறதென்று ஜன்னல்களைச் சாத்துவது இன்னொரு பிரச்சினை. டெங்கும் உள்ள ஊர், நுளம்பை விட முடியாது. ஜன்னலைத் திறந்து விட்டு நோயாளிக்குக் கட்டிலில் வலை கட்டுவதுதான் வழி.

கட்டில்களுக்கு இடையில் ஆகக் குறைந்தது ஒரு மீற்றர், முடிந்தால் இரண்டு. இடம் போதாவிட்டால் ஒருவரின் தலை இருக்கும் பக்கம் அடுத்தவரின் கால் வரும்படி மாற்றிப் போட்டால் கட்டில்களை அசைக்காமலே மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் தூரம் கூடும். இதற்கு யாரும் அனுமதிக் கடிதம் கேட்பதில்லை, தலையணையை மறுபக்கம் வைத்தால் சரி. பக்கத்துக் கட்டிலில் இழுப்புக்கு நெபுலைசர் போடுவார்கள் என்றால் அந்த நேரம் உங்கள் ஆளைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோங்கள். கோவிட் காலத்தில் நெபுலைசருக்குப் பதிலாக இன்ஹேலரை ஸ்பேசர் என்ற பிளாஸ்ரிக் குழலோடு கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மாஸ்க் விஷயத்தில் துணி என்ன என்பதை விட முகத்தோடு ஒட்டி நிற்கிறதா என்பதே முக்கியம். நீல நிற சேர்ஜிக்கல் மாஸ்க்கில் கன்னப் பக்கம் வாய் திறந்திருக்கும், காற்று அதற்குள்ளால்தான் போகும். காதுப் பட்டியை மாஸ்க் ஓரத்தோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, மிஞ்சும் மடிப்பை உள்ளே தள்ளினால் அந்த வாய் மூடும். அல்லது அதற்கு மேல் இறுக்கமான துணி மாஸ்க் ஒன்று. துணைக்கு நிற்பவர் என்95 போட்டால் நல்லது. இரண்டு பட்டியில் ஒன்று காதுக்கு மேலால் உச்சியிலும் மற்றது பிடரியிலும் போக வேண்டும், இரண்டையும் கழுத்தில் போட்டால் பயனில்லை. தாடி இருந்தால் பொருந்தாது. ஐந்து என்95ஐ ஐந்து கடதாசி உறையில் நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டேன், பொலித்தீன் பையில் வைத்தால் ஈரம் காயாது. எங்கள் ஊர் வெயிலில் சேர்ஜிக்கல் மாஸ்க் சில மணித்தியாலத்திலேயே வேர்வையில் ஊறிவிடும். ஊறியது வடிகட்டாது, மூச்சும் முட்டும், உடனே மாற்றுங்கள். படுத்திருக்கும் நோயாளியை முழுநேரம் மாஸ்க் போடச் சொல்வது கொடுமை. யாராவது கட்டிலடிக்கு வரும்போதும் வெளியே கொண்டுபோகும்போதும் போட்டால் போதும். மூக்கில் ஒட்சிசன் குழாய் இருந்தால் அதற்கு மேலால் மாஸ்க் போடலாம், ஒட்சிசன் குறையாது.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு வந்தால் விடுதி முழுக்க ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றும். நோயாளிகள், துணைக்கு நிற்பவர்கள் எல்லாரும் பார்சலைப் பிரித்துக் கதைக்கத் தொடங்குவார்கள். அந்த அரை மணித்தியாலம்தான் எனக்கு அதிகம் பயம். அம்மாவுக்குப் பதினொன்றரைக்கே ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துச் சாப்பாடு கொடுத்துவிடுவேன், இன்சுலின் நேரத்தையும் அதற்கேற்ப மிஸ்ஸிடம் சொல்லி மாற்றினோம். இன்சுலின் போடுகிறவர் இதைக் கட்டாயம் சொல்லிச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சீனி இறங்கிவிடும். நான் வெளியில் போய்ச் சாப்பிட்டேன். பக்கத்துக் கட்டில் அக்கா அன்போடு இடியப்பமும் சொதியும் நீட்டுவார், மறுக்க மனம் நோகும். “பிறகு சாப்பிடுறன் அக்கா” என்று வாங்கி வைத்து வெளியே கொண்டுபோய்ச் சாப்பிட்டேன்.

பொது மலசலகூடத்தில் ஜன்னல் சின்னது, காற்று மாறாது, ஒருவர் வெளியே வர மற்றவர் உள்ளே போவார். நடக்கக்கூடியவர் கழுவித் துடைத்த உடனே, ஆள் குறைந்த நேரத்தில், மாஸ்க்கோடு போக வேண்டும். மூடி இருந்தால் மூடிவிட்டுத் தண்ணி அடிக்க வேண்டும். அம்மாவுக்குக் கட்டிலடியில் கொமோட் கதிரை ஒன்று ஒழுங்கு செய்தோம், கால் புண்ணுக்கும் அது நல்லது. எக்ஸ்றேக்கு அனுப்பினால் அங்கே வாங்கில் வரிசையாக இருத்துவார்கள். தொலைபேசியில் அங்கே கேட்டு, முறை வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள் என்று விடுதியில் கேளுங்கள். கட்டிலுக்கே கொண்டுவரும் எக்ஸ்றே இயந்திரம் இருந்தால் அதைக் கேளுங்கள். லிப்டில் ரொலியோடு உங்களைத் தவிர வேறு நோயாளி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துடைப்பு விஷயத்தில் பலர் பயத்தில் காசைக் கரைத்தார்கள். கோவிட் பெரும்பாலும் காற்றால்தான் பரவியது, வாங்கி வந்த பிஸ்கட் பெட்டியை எல்லாம் கழுவியதில் பெரிய பலன் இல்லை. ஆனால் புண் உள்ளவருக்குக் கை சுத்தம் வேறு காரணத்தால் உயிர் மாதிரி. விடுதிக் கிருமிகள் கையால்தான் கட்டிலிலிருந்து கட்டிலுக்குப் போகும். சானிடைசர் என்றால் 20 முதல் 30 செக்கன் கை காயும் வரை தேய்க்க வேண்டும், சவர்க்காரம் என்றால் 40 முதல் 60 செக்கன். கட்டில் கம்பி, லொக்கர், சுவிட்ச், குழாய்த் திருகு இவற்றுக்கு 0.1 வீதக் குளோரின் போதும். 5 வீதக் கரைசல் போத்தல் என்றால் 10 லீற்றர் வாளிக்கு 200 மில்லிலீற்றர். 30 முதல் 35 வீத ரீசிஎல் தூள் (பிளீச்சிங் பவுடர்) என்றால் அதே வாளிக்கு 30 கிராம் அளவில். இரத்தம், சீழ் சிந்திய இடத்துக்கு 0.5 வீதம், அதாவது 100 மில்லிலீற்றரோடு 900 மில்லிலீற்றர் தண்ணி. முதலில் சவர்க்காரத்தால் அழுக்கை எடுத்த பிறகுதான் குளோரின், அழுக்கோடு ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். வெயிலிலும் சூட்டிலும் கரைசல் வீரியம் இழக்கும், காலையில் புதிதாகக் கலந்து மூடி வையுங்கள். மலசலகூடம் கழுவும் அசிற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். ஆட்கள் மேல் தெளிப்பதும் விடுதியில் புகை போல விசிறுவதும் பயனற்றவை, நுரையீரலுக்குக் கேடு. விரலில் குத்திச் சீனி பார்க்கும் கருவியை இரவல் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம், இரத்தத்தால் பரவும் மஞ்சள்காமாலைக் கிருமியும் அதில் வரும்.

ஊழியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், நானும் அவர்களில் ஒருத்தி. நோயாளியின் முன் முழுக்கவனமாக இருந்துவிட்டு, தேத்தண்ணி அறையில் ஆறு பேர் மாஸ்க் இல்லாமல் நெருங்கி இருந்தால் விடுதியே கவிழும். அந்த அறைக்கு இருவருக்கு மேல் இல்லை என்ற கட்டுப்பாடும் திறந்த ஜன்னலும் பாதுகாப்பு உடுப்பை விடப் பெரிய காப்பு. ஒரே ஆளைக் கோவிட் விடுதிக்கும் மற்ற விடுதிக்கும் ஒரே நாளில் போட வேண்டாம். சிற்றூழியர்களும் இதில் அடக்கம். ரொலி தள்ளுகிறவரும் சாப்பாடு கொண்டுவருகிறவரும் எல்லா விடுதிக்கும் போகிறவர்கள், ஆனால் நல்ல மாஸ்க் கடைசியாகக் கிடைப்பது அவர்களுக்குத்தான். இது மனதை வருத்தும் அநியாயம். கழற்றும்போது கையுறை முதலில், பிறகு மேலங்கி, கை கழுவல், கண்ணாடி, வெளியே வந்த பிறகு கடைசியாக மாஸ்க். தொற்றுவது போடும்போது அல்ல, களைத்துப்போய்க் கழற்றும்போது. தலைவலியோடு வேலைக்கு வருகிறவருக்கு லீவு வெட்டாமல் வீட்டுக்கு அனுப்பும் பொறுப்புத் தாதிதான் பல நோயாளிகளைக் காப்பாற்றுகிறார்.

அந்த நாட்களில் மூன்று கட்டில் தள்ளி இருந்த வயதான பெண் ஒருவருக்குப் பொசிற்றிவ் வந்தது. காய்ச்சல் இல்லை, சாப்பாடு வேண்டாம் என்றார், ஆளைத் தெரியாமல் கதைத்தார். முதியவர்களுக்குக் கோவிட் பலதடவை இப்படித்தான் தொடங்கும். பனடோல் தொடர்ந்து குடிப்பவருக்குக் காய்ச்சல் தெரியவே தெரியாது. அவரைக் கொண்டுபோனதும் மற்றவர்களை வேறு விடுதிகளுக்குப் பிரித்து அனுப்பப் பேச்சு எழுந்தது. எனக்குக் கை கால் நடுங்கியது, ஆனாலும் போய்க் கதைத்தேன். தொடர்பில் இருந்தவர்களைச் சிதறடித்தால் ஒவ்வொருவரும் ஒரு புது விடுதியில் தொற்றைத் தொடக்கக்கூடும். அந்தப் பகுதியை அப்படியே வைத்து, புதியவரை அனுமதிக்காமல், ஒரே ஊழியர்களை வைத்து, பதினான்கு நாள் பார்ப்பதுதான் சரி. வீட்டுக்கு அனுப்பக்கூடியவரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பிஎச்ஐ) அறிவித்து வீட்டுத் தனிமைக்கு அனுப்பலாம். நான் எழுதி வைத்திருந்த கொப்பியைக் காட்டினேன், யார் எந்தத் திகதி எந்தக் கட்டிலில் என்பது அதில் இருந்தது. பொறுப்புத் தாதியான சிஸ்டர் பார்த்துவிட்டு அதையே பட்டியலாக எடுத்தார். அம்மாவுக்கு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பரிசோதனை, இரண்டும் நெகற்றிவ். முடிவு வரும் வரை நான் உறங்கவில்லை. இந்த நாட்களில் காலையும் மாலையும் வெப்பநிலையும் ஒட்சிசன் அளவும் எழுதுங்கள். ஒட்சிசன் 94 வீதத்துக்குக் கீழே போனால் உடனே சொல்லுங்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நகத்தில் மருதாணியோ பூச்சோ இருந்தாலோ அளவு பிழையாகக் காட்டலாம், கையைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் திரும்பப் பாருங்கள்.

சத்திரசிகிச்சை என்றால் இன்னும் கூடுதல் கவனம். 2020 மே மாதம் வெளியான ஆய்வொன்றில், 24 நாடுகளில் சத்திரசிகிச்சையை அண்டிக் கோவிட் பிடித்த 1128 பேரில் 23.8 வீதமானோர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். ஒத்திவைக்கக்கூடியதை ஒத்திவைத்துத் தடுப்பூசி இரண்டும் போட்ட பிறகு செய்வது நல்லது என்பது அப்போதைய ஆலோசனை. ஏற்கெனவே கோவிட் வந்து மாறியவர் ஏழு கிழமையாவது பொறுக்க வேண்டும் என்றும் அப்போது சொன்னார்கள். அம்மாவுக்கு ஒரு விரல் எடுக்க வேண்டியிருந்தது, அதை ஒத்திவைக்க முடியாது. முழு மயக்கம் இல்லாமல் மரக்கப் பண்ணிச் செய்ய முடியுமா என்று கேட்டோம், செய்தார்கள். தொண்டைக்குள் குழாய் விடத் தேவையில்லாததால் நோயாளிக்கும் நல்லது, அங்கே நிற்பவர்களுக்கும் நல்லது.

வீட்டுக்கு விடும் திகதியை முன்கூட்டியே கேளுங்கள். நரம்பால் ஏற்றும் மருந்தைக் குளிசைக்கு எப்போது மாற்றலாம் என்பதுதான் கேட்க வேண்டிய சரியான கேள்வி, பல நேரம் அதற்காக மட்டும்தான் கட்டில் பிடித்திருக்கிறது. விடுதியில் குறையும் ஒவ்வொரு நாளும் தொற்று வாய்ப்பு ஒரு நாள் குறைகிறது. போகும்போது கட்டுத்துணி, சேலைன், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, எந்த நிறம் வந்தால் திரும்ப வருவது என்பதை ரிக்கற்றில் (வீட்டுக்கு விடும்போது தரும் துண்டில்) எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பதினான்கு நாள் அவரைத் தனி அறையில், ஜன்னல் திறந்து வையுங்கள், பேரப்பிள்ளைகளை மடியில் விட வேண்டாம். பார்க்க வரும் சொந்தக்காரரை முற்றத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இன்னொரு அன்ரிஜன் எடுங்கள். துணைக்கு நின்றவரும் எடுக்க வேண்டும்.